வாசலில் கூழாங்கல்லா, புல்லா, பேவரா, வெறும் மண்ணா? புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு ஒரு கணக்கு

முன்வாசலில் பத்துக்குப் பன்னிரண்டு அடி மண் தரை. இதுவரை அதில் ஒரு செம்பருத்தி, ஒரு துளசி மாடம், யாரும் ஓட்டாத சைக்கிள் ஒன்று. வீட்டுக்குப் பெயின்ட் அடித்த கையோடு அந்த இடத்தையும் ஏதாவது பண்ணலாமே என்று தோன்றுகிறது. செல்போனில் பார்க்கும் படங்களில் எல்லாம் வெள்ளைக் கூழாங்கல், நடுவில் கால் வைக்கக் கருங்கல் பலகை, ஓரத்தில் ஒரு மூங்கில் புதர். போட்டுவிட்டால் அப்புறம் வேலையே இல்லை என்கிறார் கடைக்காரர். கொத்தனார் பேவர் போடச் சொல்கிறார். மாமாவுக்குப் புல்தரை ஆசை. பெரியவர்கள் மட்டும், மண்ணாகவே கிடக்கட்டுமே, யார் காலைக் கடித்தது என்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தோடு போன ஆறு மாதத்தில் என்னிடம் கேட்டவர்கள் ஐந்தாறு பேர். நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை. முத்தியால்பேட்டையில் என் வாசலில் புல்லும் போட்டேன், கல்லும் போட்டேன். கல்லை ஒருமுறை தப்பாகப் போட்டு, அள்ளி எடுத்து, மறுபடி போட்டேன். பேவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டில் இருக்கிறது. அதன் நல்லது கெட்டதை அவள் வாயாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது

அழகை முதலில் வைத்தால் எல்லோருமே கூழாங்கல்தான் வாங்குவோம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி மழை. நம் கரையில் மழை ஆண்டு முழுக்கச் சீராக வராது. பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. 120 சதுர அடி என்றால் சுமார் 11 சதுர மீட்டர். அதன் மேல் 45 செ.மீ. மழை என்பது 5,000 லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு டேங்கர் லாரியில் பாதி அளவாவது உங்கள் வாசலில் கவிழ்ந்தது போல. மாடியிலிருந்து குழாய் வழியாக இறங்குவது இந்தக் கணக்கில் இல்லை.

கல்லுக்கு நடுவே தண்ணீர் தானாக இறங்கிவிடும் என்பார்கள். இரண்டு அங்குலம் கல் பரப்பினால் அதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இடுக்கு. அந்த இடுக்குகள் கொள்வது 2 செ.மீ. மழை. மீதியைக் குடிக்க வேண்டியது கீழே இருக்கும் மண். அதனால் கல் கடைக்குப் போவதற்கு முன்னால் கடப்பாரையை எடுங்கள். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தடவை ஊற்றியது இறங்கிய பிறகு இன்னொரு தடவை நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலையில்லை. சாயங்காலம் வரை நின்றால் அந்த வாசலுக்கு முதல் செலவு உறிஞ்சுகுழி, கல் அப்புறம். இந்தச் சோதனையைச் சித்திரையில் செய்துவிட்டு ஏமாறாதீர்கள். கடலோரத்தில் கார்த்திகை மாதம் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். சித்திரையில் நொடியில் குடித்த மணல் அப்போது குடிக்காது. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வெட்டிப் பார்ப்பதுதான் சரி. பாகூர்ப் பக்கத்துக் களிமண்ணும், கரையோர மணலும், ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. செம்மண்ணில் மேல்தோல் இறுகிக்கிடக்கும். முதல் மழை இறங்காமல் ஓடியே போய்விடும்.

இரண்டாவது, தலைக்கு மேல் என்ன மரம்? மூன்றாவது, அந்த இடத்தில் யார் நடப்பார்கள், எந்த வண்டி நிற்கும்? நான்காவது, பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே வெறுங்காலோடு நிற்க முடியுமா? ஐந்தாவதை நான் யோசிக்கவே இல்லை. கல் லோடு வந்து இறங்கிய அன்றுதான் மாமியார் கேட்டார்: “ஏம்மா, மார்கழி வந்தா கோலம் எங்க போடுறது, கல்லு மேலயா?”

ஆறாவது பணம். அதை முதல் நாள் பில்லாகப் பார்க்காமல் ஐந்து வருஷக் கணக்காகப் பார்க்க வேண்டும்.

கூழாங்கல்

எடையிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் கடையில் அதைச் சொல்ல மாட்டார்கள். இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்ப ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 7 கிலோ வேண்டும். கடையில் சொல்லும் கிலோ விலையை ஏழால் பெருக்குங்கள், சதுர அடி விலை வந்துவிடும். 120 சதுர அடிக்கு 840 கிலோ, 50 கிலோ மூட்டை 17. முத்தியால்பேட்டைச் சந்துக்குள் லாரி வராது. முனையில் இறக்கி, தோளில் சுமந்து வர ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி தனி. அதோடு, கல் உட்காருவதற்கு மூன்று அங்குலம் மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் வாசற்படி உயரத்துக்கு ஏறிச் சுவரில் ஓதம் அடிக்கும். அப்படித் தோண்டும் மண் 30 கன அடி. அதைக் கொட்ட ஒரு இடம், கொண்டுபோக ஒரு குட்டியானை வண்டி. எனக்குக் கல் விலையைவிட இந்தச் சில்லறைகள்தான் கையைக் கடித்தன.

எந்தக் கல் என்பது அடுத்த கேள்வி. கடையில் கூழாங்கல் என்று ஒரே பெயரில் மூன்று வகை விற்கிறார்கள்.

ஒன்று, நிஜமான ஆற்றுக் கூழாங்கல். பழுப்பு, சாம்பல், வெளிர் மஞ்சள் என்று கலந்திருக்கும். அழுக்கு தெரியாது. என் ஓட்டு இதற்குத்தான். ஆற்றுக்கல் என்று சொல்லி விற்பதில் பாதி, உடைத்த கல்லை இயந்திர உருளையில் போட்டு முனை மழுக்கியது. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆற்றுக்கல் விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

இரண்டாவது, வெள்ளைக்கல். இதில் கண்ணாடி போல் இருக்கும் வெண்கல் உண்டு, மார்பிள் சில்லும் உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுதான், செடிக்கு ஒன்றல்ல. மார்பிள் சுண்ணாம்புக்கல் இனம். மழையில் மெல்லக் கரைந்து மண்ணைச் சுண்ணாம்புப் பக்கம் தள்ளும். இட்லிப்பூச் செடி அருகே இருந்தால் அதற்கு இரும்புச் சத்து ஏறாமல் போய், நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாக வெளுக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. கல்லை ஆணியால் சுரண்டி அந்தப் பொடியின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரை பொங்கினால் மார்பிள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

வெள்ளைக்கல்லின் இன்னொரு விஷயம் தீபாவளி. தெருவில் வெடித்த சரவெடியின் காகிதச் சுருள் காற்றில் வந்து கல்லில் உட்கார்ந்தது. ராத்திரி ஒரு தூறல். காலையில் பார்த்தால் வெள்ளைக்கல் எல்லாம் ரோஸ் சாயம். துடைப்பத்தால் பெருக்க முடியாது, கல்லும் சேர்ந்து வரும். கையால் பொறுக்கினேன், இரண்டரை மணி நேரம். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் தெளித்த இடமெல்லாம் செம்பழுப்புக் கறை வேறு. நிழலில் இருக்கும் பக்கம் மழைக்காலத்தில் பாசி பிடிக்கும்.

மூன்றாவது, சாயம் போட்ட, மெழுகு பூசிய பளபளக் கல். நான் முதலில் வாங்கியது இதைத்தான். கறுப்பு என்று கொடுத்தார்கள். சாந்துச் சட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கையால் பிசைந்தபோது தண்ணீர் கட்டன் காப்பி மாதிரி ஆனது. நாலு சட்டி கழுவிய பிறகு கல் சாம்பல் நிறம். கடையில் கேட்டதற்கு, “கழுவாம போட்டிருந்தா நிக்கும்க்கா” என்றார். மழைக்கு முன்னால் நான் குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் போலிருக்கிறது.

இந்த மூன்றையும் விட்டுவிட்டு, சாதாரணக் கருங்கல் ஜல்லியையும் யோசிக்கலாம். திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகள் இருப்பதால் நமக்கு இது தூரத்துச் சரக்கு இல்லை. கிலோவுக்குப் பதில் யூனிட்டில் வரும், அதாவது 100 கன அடி. 120 சதுர அடிக்கு இரண்டு அங்குலம் போட 20 கன அடி, ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. பக்கத்தில் வீடு கட்டுகிறவர் இருந்தால் அவர் லோடிலேயே கேட்டு வாங்கிவிடலாம். முக்கால் அங்குல ஜல்லி முனை முனையாக இருப்பதால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், ஸ்கூட்டர் ஸ்டாண்ட் அவ்வளவாகப் புதையாது. உருண்டைக் கூழாங்கல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் ஜல்லி மேல் வெறுங்காலோடு நடக்க முடியாது. கறுப்பாக இருப்பதால் பகல் வெயிலை வாங்கி ராத்திரி எட்டு மணி வரை கக்கும்.

ஆற்றில் கிடப்பதை அள்ளி வந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். சரளையும் மணலும் சட்டப்படி சிறுகனிமம். அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. கடற்கரையில் மணலோ பாறையோ அள்ளவும் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் தடை இருக்கிறது. தவிர, தென்பெண்ணையும் கெடிலமும் நம் பக்கம் வந்து சேரும்போது கொண்டுவருவது பெரும்பாலும் மணல்தான்.

*துணியா, பாலித்தீனா*

நான் வாங்கிய பெரிய அடி இங்கேதான். “கீழ பாலித்தீன் விரிச்சுட்டா ஒரு புல்லு மொளைக்காதுக்கா” என்றார் வேலைக்கு வந்தவர். விரித்தோம். புல் முளைக்கவில்லை, நிஜம். ஃபெஞ்சல் வந்த ராத்திரி தண்ணீரும் இறங்கவில்லை. வாசல் தொட்டியாகி, ஓரத்தில் செங்கல் அணை போடாத பக்கமாக உடைத்துக்கொண்டு, நூறு கிலோ கல்லாவது தெருச் சாக்கடைக்குப் போயிற்று. மறுநாள் சாக்கடையில் வெள்ளையாகத் தெரிந்ததைத் தெருப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பத்து நாள் கழித்துப் பாலித்தீன் மடிப்புகளில் கொசுப் புழு நெளிந்தது.

தண்ணீரை இறங்க விடும், மண்ணை மேலே வர விடாத ஜியோடெக்ஸ்டைல் துணி என்று ஒன்று இருக்கிறது. கம்பளி மாதிரி, நெய்யாத துணி. அதுதான் வேண்டும். பச்சை ஷேட் நெட் மலிவு. ஆனால் அதன் கண் வழியாக அறுகு வேர் ஏறிவிடும். எந்தத் துணிக்கும் மசியாத ஒன்று கோரை. அதன் கிழங்கு ஊசி மாதிரி முளைவிட்டுத் துணியைக் குத்திக்கொண்டு வரும். துணி விரிப்பதற்கு முன்னால் மண்ணைக் கிளறிக் கிழங்கைப் பொறுக்கி எடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் அது நம்மோடு குடித்தனம் நடத்தும்.

துணி போட்டாலும் இரண்டு மூன்று வருஷத்தில் தூசியும் மக்கிய இலையும் கல்லுக்குள் இறங்கித் துணிக்கு மேலேயே ஒரு மண் படிவு உண்டாகும். அதில் விதை விழுந்து முளைக்கும். அப்போது கல்லை அள்ளி, மணல் சலிக்கும் சல்லடையில் கொட்டி, தண்ணீர் அடித்துக் கழுவி, மறுபடி பரப்ப வேண்டும். இரண்டு ஆள், ஒரு நாள். இதை ஐந்து வருஷக் கணக்கில் ஒருமுறையாவது எழுதி வையுங்கள்.

ஓரத்துக்குச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, கல் மட்டத்துக்கு மேல் ஒரு அங்குலம் தெரிகிற மாதிரி கட்டினால் போதும். நாலடிக்கு ஒரு இடுக்கு விட்டால் மிஞ்சிய தண்ணீர் வழிந்துபோகும், கல் நிற்கும்.

*மரம் இருந்தால்*

வேப்ப மரத்தடியில் கூழாங்கல் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்தால் அந்தச் சின்னச் சின்ன இலை கல்லிடுக்கில் சொருகிக்கொள்ளும். சித்திரையில் பூ, அப்புறம் பழம், பழத்துக்குக் காக்கா. முருங்கையும் இதே கதை. தென்னை பரவாயில்லை, மட்டை விழுந்தால் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். மா, பலா இலையும் கையால் பொறுக்குகிற அளவில் இருக்கும்.

நாம் பார்க்கும் கல்தோட்டப் படங்களுக்கெல்லாம் பாட்டன் ஜப்பானில் இருக்கிறது. கியோத்தோ நகரின் ரியோஆன்ஜி கோயிலில் வெள்ளைச் சரளைக்கு நடுவே 15 பாறைகளை வைத்திருக்கிறார்கள். எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும் என்பார்கள். அந்தச் சரளையில் மரம் கிடையாது. அதைப் பல்வாரியால் கோடு இழுத்துச் சரிசெய்வதற்குத் துறவிகள் இருக்கிறார்கள். கல்லுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால், உங்கள் வீட்டில் எத்தனை துறவி என்று ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.

*கல்லோடு ஒத்துப்போகும் செடிகள்*

மூங்கிலை விடுங்கள். பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி, மருள், சோற்றுக் கற்றாழை, அடினியம் எல்லாம் கல் சூட்டைத் தாங்கும். கரையோர மணலுக்கு வெட்டிவேர் அருமை. கடலூர்ப் பக்கம் வயலிலேயே போடுகிறார்கள். மழை லில்லிக் கிழங்கைத் துணியில் கீறல் விட்டுப் புதைத்துவைத்தால், முதல் மழை பெய்த சில நாளில் கல்லுக்கு நடுவே திடீரென்று தலை நீட்டும். என் வாசலில் நான் காட்டிப் பெருமைப்படுவது அது ஒன்றைத்தான்.

புல்தரை

காலுக்குச் சுகம், கண்ணுக்குக் குளிர்ச்சி, குழந்தை விழுந்தாலும் முட்டி தேயாது. வெயிலில் புல் கல்லைப் போல் சுடவே சுடாது. மழைத் தண்ணீரையும் நன்றாகக் குடிக்கும்.

தண்ணீர்தான் தகராறு. கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 லிட்டர் கேட்கும். 120 சதுர அடிக்கு 55 லிட்டர், நாலு வாளி, தினமும். சரி, ஊற்றலாம். எந்தத் தண்ணீரை? கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. நான் போட்டது கொரியன் புல். முதல் சித்திரையில் நுனி கருகியது. இரண்டாம் சித்திரையில் திட்டுத் திட்டாகச் செத்து, நடுவில் கோரை மட்டும் செழிப்பாக நின்றது. அக்கா வீட்டில் நல்ல தண்ணீர். அங்கே போட்டிருந்தால் பிழைத்திருக்கும். உப்பு தாங்கும் புல் வேண்டுமென்றால் நம்முடைய அறுகையே விட்டுவிடலாம். பார்க்க ஒழுங்காக இருக்காது, சாகவும் சாகாது.

மாதம் இரண்டு முறை வெட்டுக்கூலி, வருஷம் ஒருமுறை செம்மண்ணும் எருவும். நிழலில் புல் வராது. காம்பவுண்டுச் சுவர் உயரமாக இருக்கிற சின்ன வாசலுக்குப் பாதி நாள் வெயிலே கிடைக்காது. அங்கே புல் போட்டுப் பணத்தை விடாதீர்கள்.

பேவர் பிளாக்

அக்கா வீட்டில் அத்தான் காரும் இரண்டு ஸ்கூட்டரும் நிற்கின்றன. அத்தானின் அம்மா வாக்கர் வைத்து நடக்கிறார். இந்த இரண்டுக்கும் பேவரைத் தவிர வேறு வழி இல்லை. கூழாங்கல்லில் வாக்கர் கால் நாலும் நாலு பக்கம் போகும். நடக்கவும் ஸ்கூட்டருக்கும் 60 மி.மீ. கனம் போதும், கார் ஏறினால் 80 மி.மீ. கேளுங்கள். பெருக்கலாம், கழுவலாம், தாராளமாகக் கோலம் போடலாம்.

மழை இறங்குவது இடுக்கு வழியாக மட்டும். அந்த இடுக்கும் ஒரு வருஷத்தில் தூசியால் அடைத்துக்கொள்ளும். சிலர் பார்க்க அழகாக இருக்கிறது என்று இடுக்கைச் சிமெண்ட் பாலால் மூடிவிடுகிறார்கள். அதற்குப் பேசாமல் தளமே போட்டிருக்கலாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கடலூர்க்காரர்கள் பேவர் போடும்போது பழைய சேகரிப்புக் குழியின் மூடியை அடியில் புதைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டில் புதைத்துவிட்டார்கள். ஐப்பசியில் கேட்டருகே கணுக்கால் தண்ணீர் நின்றபோதுதான் நினைவு வந்தது. பெயர்த்து, தேடி, மறுபடி போட்டதில் ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், இரண்டு நாள்.

பேவரின் நல்ல குணமே அதுதான், பெயர்த்துப் போடலாம். வெயிலில் சூடு அடிக்கும், சிவப்புச் சாயம் நாலு வருஷத்தில் வெளுக்கும். பக்கத்தில் மரம் இருந்தால் வேர் தூக்கும்.

வெறும் மண்

இதை யாரும் ஒரு தேர்வாகவே நினைப்பதில்லை. தினமும் தண்ணீர் தெளித்துப் பெருக்கிய மண் வாசலில் தூசி அடங்கியிருக்கும், மழை இறங்கும், மரத்துக்கு மூச்சு முட்டாது, செலவு துடைப்பம். ஐப்பசியில் சேறு, அது மட்டும்தான் குறை. மரம் இருக்கிற வாசலுக்கு இதுவே மேல். நடக்கிற பாதைக்கு மட்டும் நாலு பலகைக்கல் போட்டால் சேறும் காலில் ஒட்டாது.

ஒரே பார்வையில்

| | ஆற்றுக் கூழாங்கல் | கருங்கல் ஜல்லி | புல் | பேவர் | வெறும் மண் |
|---|---|---|---|---|---|
| மழை இறங்க | நன்று, துணி சரியாக இருந்தால் | நன்று | நன்று | சுமார் | நன்று, சேறு உண்டு |
| வேப்ப மரத்தடியில் | வேண்டாம் | வேண்டாம் | நிழலில் வராது | பெருக்கலாம் | சிறந்தது |
| ஸ்கூட்டர் | ஸ்டாண்ட் புதையும் | தாங்கும் | கெடும் | சிறந்தது | மழையில் புதையும் |
| முதியவர் நடக்க | ஆபத்து | ஆபத்து | நன்று | சிறந்தது | மழையில் வழுக்கும் |
| பகல் சூடு | உண்டு | அதிகம் | இல்லை | அதிகம் | குறைவு |
| முதல் செலவு | அதிகம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | இல்லை |
| பிறகு வருவது | மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அள்ளிக் கழுவ | அதே | தினத் தண்ணீர், வெட்டுக்கூலி | எப்போதாவது பெயர்த்துப் போட | தினம் பெருக்க |

யாருக்கு எது

கைக்குழந்தை தவழும் வீட்டில் கூழாங்கல் இப்போதைக்கு வேண்டாம். மூன்று வயதுக்குள் எல்லாம் வாய்க்குத்தான் போகும். பெரிய கல்லாகப் போட்டுவிட்டால் என்ன என்றால், பெரிய கல்லின் இடுக்கில் பூரானும் தேளும் குடியேறும். முக்கால் அங்குலம்தான் நடுவழி. அதைவிடச் சின்னதாகப் போனால் தெருப் பூனைகள் அதைக் கழிப்பிடமாக நினைத்துக்கொள்கின்றன. இது என் சொந்த ஆராய்ச்சி.

பழைய வீட்டு முற்றத்தில் போடலாமா என்று புதுச்சேரி தமிழர் பகுதியிலிருந்து ஒருவர் கேட்டார். தாழ்வாரத்து ஓட்டிலிருந்து மழை முற்றத்தில் கொட்டும், சுவரடியில் இருக்கும் துவாரம் வழியாகத் தெருவுக்குப் போகும். அந்தத் துவாரத்தைக் கல் அடைத்தால் வீட்டுக்குள் வெள்ளம். முற்றத்தின் தளத்தைத் தொடாதீர்கள். ஆசைக்கு, துவாரத்துக்கு எதிர்மூலையில் ஒரு தொட்டி கட்டி அதில் நிரப்புங்கள்.

மாடியில் போட நினைப்பவர்கள் இன்ஜினீயரைக் கேட்காமல் போடக் கூடாது. இரண்டு அங்குலக் கல்லின் எடை சதுர மீட்டருக்கு 75 கிலோவுக்கு மேல். ஆள் புழங்கும் மாடிக்கு இந்தியத் தர விதிகள் வைத்துக்கொள்ளும் சுமையே 150 கிலோவை ஒட்டித்தான். அதில் பாதியைக் கல்லே தின்றுவிடும். ஒழுகல் எங்கே என்று தேட முடியாது, தண்ணீர்க் குழாய் வாய் அடைக்கும். போதாததற்கு நாம் புயல் பாதையில் இருக்கிறோம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் ஏறியபோது வீசிய காற்று மறுபடி வந்தால், மாடியில் கிடக்கும் சின்னக் கல் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும்.

கூழாங்கல்லுக்கென்றே அமைந்த இடம் என்றால் ஒன்றைச் சொல்வேன், சன்ஷேடிலிருந்தும் ஓட்டிலிருந்தும் தண்ணீர் சொட்டும் சுவரோரம். ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு பட்டையாகப் போட்டால், சொட்டு மண்ணில் விழுந்து சுவரில் சேறு தெறிக்காது. அங்கே யாரும் நடப்பதில்லை, வண்டி வராது. பத்தடி நீளச் சுவருக்கு 15 சதுர அடி, 105 கிலோ, இரண்டு மூட்டையும் கொஞ்சமும். கூழாங்கல்லை முதன்முதலாகப் போடுகிறவர்கள் இங்கே ஆரம்பிக்கலாம்.

என் வாசலில் இப்போது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. படிக்கு நேர் எதிரே, பாலிஷ் போடாத கடப்பாக்கல் ஐந்துக்கு நாலு அடி. அது மாமியாருடைய கோல மேடை, யாரும் செருப்போடு மிதிக்கக் கூடாது. ஸ்கூட்டர் நிற்கும் மூலையில் முக்கால் ஜல்லி. சுவரோரத்தில் ஆற்றுக் கூழாங்கல். பக்கத்து வீட்டு வேம்பு கிளை நீட்டுகிற பக்கத்தைக் கல் எடுத்து மண்ணாகவே விட்டுவிட்டேன், வெட்டிவேர் நட்டிருக்கிறேன். சாயம் போன கறுப்புக்கல் இரண்டு மூட்டை மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் முடிவு வரவில்லை என்றால், முழு லோடு சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு மூட்டை வாங்குங்கள். 50 கிலோ, ஏழு சதுர அடிக்கு வரும். கழுவி, கீழே துணி விரித்து, வாசலில் எந்த மூலை ரொம்பக் கெட்ட மூலையோ அங்கே பரப்பி, புரட்டாசி கடைசியிலிருந்து கார்த்திகை வரை விட்டுவையுங்கள். தீபாவளிக் குப்பையும் அதில் விழட்டும்.